காரைக்காலில் ஒரு பிரேசில் நாற்காலி

2006 மார்ச், சனிக்கிழமை. காலை ஆறரைக்குப் பாண்டியில் பேருந்து ஏறினேன். காரைக்கால் ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். சிதம்பரத்தில் காப்பி என்று சொல்லிக் கொடுத்ததைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும்.

சிலர் தபால்தலை சேர்ப்பார்கள். நான் சேர்ப்பது ஐம்பது, அறுபதுகளில் பிரேசிலில் செய்த நவீன பாணி நாற்காலிகள். தடித்த கால், தாழ்ந்த இருக்கை, ஜக்கராண்டா மரம், அதன்மேல் தளர்வாகத் தொங்கும் தோல். அப்படியொன்று காரைக்காலில் இருப்பதை நண்பர் வீட்டு ஆல்பத்தில் பார்த்தேன். ஒரு நிச்சயதார்த்தப் படம். பெண்ணின் தந்தை அதில் சாய்ந்திருந்தார். பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, கயானாவில் இருந்தவராம். பக்கத்து நாடான பிரேசிலில் வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தாராம். அவர் இப்போது இல்லை. மூத்த மகள் மதலேன் அம்மாள் போனில், "பத்திரமா இருக்கு சார், வாங்க" என்றார். ஒரு வாரம் எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

பதினோரு மணிக்கு மாதா கோவிலுக்குப் பின்தெருவில் அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். நாற்காலியைச் சுற்றிவந்து பார்த்தேன். இடது பாதி ஜக்கராண்டா. வலது பாதி பூவரசு. தோலையும் நடுவில் வெட்டி, மறுபாதிக்கு ரெக்சின் தைத்திருந்தார்கள்.

"யாரும்மா இப்படி அறுத்தது?"

"எங்க அப்பாதான் சார். எனக்கும் தங்கச்சிக்கும் ஒரே நாள்ல கல்யாணம். சீமை நாற்காலி ஒண்ணுதான். ஒருத்திக்கு மட்டும் சீர் வச்சா இன்னொருத்தி மாமியா வீட்ல என்ன நெனைப்பாங்க? ஆசாரியக் கூப்பிட்டு நடுவுல அறுத்து, மிச்சத்தப் பூவரசுல செஞ்சு ரெண்டாக்கிட்டாங்க. அடுத்த பாதி அவகிட்ட இருக்கு."

நியாயமாம்! தேங்காயை உடைப்பது போல ஒரு கலைப்படைப்பை உடைத்துவிட்டு நியாயம் பேசுகிறார்கள். கத்தியிருப்பேன். அதற்குள் ஒரு யோசனை வந்தது. இரண்டையும் வாங்கி, சீமைப் பாதிகளைச் சேர்த்துவிட்டால்?

"தங்கச்சி குடுத்தா நானும் குடுக்கறேன்" என்றார் மதலேன்.

தங்கை பிலோமினாவுக்கு ஊர் வரிச்சிக்குடி. ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். "நாற்காலிக்காகவா பாண்டிலேருந்து வந்தீங்க? கடத்தெருவுல பிளாஸ்டிக் சேரு நல்லதா கெடைக்குது சார்" என்றார் ஓட்டுநர். அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து பச்சையாக நின்றது. அதை ரசிக்கும் நிலையில் நான் இல்லை.

பிலோமினா அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இறால் உரித்துக்கொண்டிருந்தார். இறாலை! ஜக்கராண்டாவின் மேல்! பல்லைக் கடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். சீமைப் பாதிகள் எனக்கு. பூவரசுப் பாதிகளையும் வீணாக்க மாட்டேன். அவற்றை ஒட்டி, பாலிஷ் போட்டு, முழு நாற்காலியாகத் திருப்பி அனுப்புகிறேன். பணம் தனி.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து கேட்டார்: "அப்ப எங்களுக்குத் திரும்பி வர்றது எத்தன நாற்காலி சார்?"

"ஒன்று."

"நாங்க எத்தன பேரு?"

"இரண்டு."

"அதையும் நடுவுல அறுக்கணுமா?" என்று சிரித்தார். "நின்னுக்கிட்டே பேசறீங்களே, மொதல்ல உக்காருங்க."

உட்கார்ந்தேன். அந்த ஒட்டு நாற்காலியில் ஆட்டமே இல்லை. முதுகு தானாகச் சாய்ந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

நாலரைப் பேருந்தில் இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பாண்டி வரை நின்றேன். நியாயமாகப் பங்கு போடுகிறேன் என்று நல்ல பொருளைப் பாழாக்கும் சொல்தாக்களை வழி நெடுகத் திட்டினேன்.

என் வீட்டுக் கூடத்தில் பிரேசில் நாற்காலிகள் நான்கு இருக்கின்றன. நான்கும் முழுசு. யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று குறுக்கே கயிறு கட்டி வைத்திருக்கிறேன். கால் கடுக்க வந்தவன், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அவற்றின் எதிரில் உட்கார்ந்தேன்.