ஒரு மில்லிமீட்டர் வலப்பக்கம்

புலம்பெயர்ந்த தமிழர் வாழும் ஸ்பிரிங்வேலில் விமலாதேவியைப் பலருக்குத் தெரியும். அவள் துப்பாக்கி சுடுவாள் என்பது சிலருக்குத்தான் தெரியும். கிளிநொச்சியிலிருந்து வந்து இருபது வருடமாக ஒரு தொழிற்சாலையில் இயந்திர உதிரிப்பாகங்களை மயிரிழை பிசகாமல் அரைத்துக் கொடுக்கிறவள். வெடிச்சத்தத்துக்குப் பதுங்குகுழி தேடி ஓடினவளுக்கு இது என்ன பைத்தியம் என்று அவளுடைய அக்கா சண்டை பிடித்தாள்.

"அப்ப துவக்கு மற்றவையின்ர கையில இருந்தது அக்கா. என்ர கையில இருக்கேக்க பயம் வரேல்ல," என்றாள் விமலா.

சுடுகளத்துக்கு அவளைக் கூட்டிப்போனவர் கௌரிசங்கர். கோயம்புத்தூர்க்காரர், அதே தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். பழைய ராணுவத் துப்பாக்கிகளை வைத்துப் போட்டி நடத்தும் ஒரு கிளப்பில் பன்னிரண்டு வருட உறுப்பினர். லைசென்ஸ் படிவம் நிரப்புவதிலிருந்து மூச்சை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது வரை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அவள் அவரை அண்ணா என்று அழைத்தாள். வெறும் மரியாதைக்கு அல்ல, மனதாரத்தான்.

கிளப் துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுட்ட முதல் வருடத்திலேயே, நூறு மீட்டரில் இரண்டு முறை அவரை முந்திவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவர் தன்னிடமிருந்த பழைய ராணுவத் துப்பாக்கியைத் தருகிறேன் என்றார். "நீங்க என் தங்கச்சி மாதிரி. வேற யாருக்கும் விக்க மனசு வரல." துப்பாக்கிக் கடையில் முறைப்படி பெயர் மாற்றினார்கள்.

முதல் நாளே குண்டுகள் எல்லாம் இலக்கின் நடுவிலிருந்து ஒரு சாண் இடப்பக்கம் போய் விழுந்தன.

"விசையை வெடுக்குன்னு இழுக்குறீங்க விமலா. அதான் இடது பக்கம் ஓடுது."

"குழல் நுனியில இருக்கிற முன்குறியைக் கொஞ்சம் நகர்த்திப் பாப்பமே அண்ணா?"

"ஐயோ, தொட்டுடாதீங்க. மிலிட்டரில வச்ச குறி அது. நகர்த்துனா துப்பாக்கிக்கே மதிப்பு போயிடும்."

சொல்லிவிட்டு, அதே துப்பாக்கியை வாங்கி அவள் கண் முன்னாலேயே ஐந்து குண்டுகளையும் கறுப்பு வட்டத்துக்குள் இறக்கினார். அதற்கு மேல் அவள் என்ன கேட்பாள்?

ஐந்து மாதம் தன்னைத்தானே குடைந்தாள். கண்ணாடியை மாற்றினாள், கோப்பியை விட்டாள், குண்டில்லாமல் அறைக்குள் நின்று விசை இழுத்துப் பழகினாள். நினைத்து நினைத்தே கை உண்மையாகத் தடுமாறத் தொடங்கியது. தொழிற்சாலையிலும் அந்தச் சந்தேகம் அவளை விடவில்லை. ஒருநாள் தானாகவே மேற்பார்வையாளரிடம் போய், கை முன்போல் இல்லை என்று சொல்லி, பொதி கட்டும் பிரிவுக்கு மாறிக்கொண்டாள்.

பெண்டிகோ நகரில் நடக்கவிருந்த போட்டிக்கு கிளப்பிலிருந்து நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். நான்காவது இடம் கௌரிசங்கருக்குக் கிடைத்தது. கைதட்டியவர்களில் விமலாவும் ஒருத்தி.

அடுத்த சனிக்கிழமை, இதை விற்றுவிடலாம் என்ற முடிவோடு துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குழலின் நுனியில் நிற்கும் முன்குறித் தகட்டின் அடியில் ஒரு கீறல் மினுங்கியது. எண்பது வருடத் துப்பாக்கியில் கீறல் மட்டும் புத்தம் புதிது. வேர்னியர் அளவுகோலை எடுத்து இரண்டு பக்கமும் அளந்தாள். தகடு நடுவிலிருந்து வலப்பக்கம் சரியாக ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றது. நூறு மீட்டரில் அது ஒரு சாண். கணக்கு அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிளப்பின் கருவிகளுக்குப் பொறுப்பான கீத் என்ற கிழவரிடம், குறியை நகர்த்தும் திருகுக் கவ்வி இருக்கிறதா என்று கேட்டாள். அவர் எடுத்துக் கொடுத்தபடியே சொன்னார்: இதே துப்பாக்கிக்குத்தானே கௌரி முன்பு வாங்கிப் போனார், உனக்கு விற்பதற்கு முந்தின வாரம், உன் கண்ணுக்குத் தகுந்தபடி சரிசெய்து தருவதாகச் சொன்னாரே?

விமலா கவ்வியை வாங்கிக்கொண்டாள். குண்டு எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கமே முன்குறியைத் தள்ள வேண்டும். கவ்வியைப் பொருத்தி, திருகைக் கால் சுற்று, கால் சுற்றாக இடப்பக்கம் முடுக்கினாள். தகடு நடுவுக்கு வந்ததும் போய்ப் படுத்து ஐந்து குண்டு சுட்டாள். ஐந்தும் கறுப்புக்குள். அன்றைக்கு அவர் வலப்பக்கம் ஒரு சாண் தள்ளிக் குறிபார்த்துத்தான் அந்த ஐந்தையும் சுட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. குப்புறப் படுத்தபடியே அழுதாள்.

கார் நிறுத்துமிடத்தில் அவரை மறித்தாள். "குறியை நகர்த்தினது நீங்கள்தானே?"

அவர் மறுக்கவில்லை. "பன்னெண்டு வருஷமா அந்த டீம்ல இருக்கேன் விமலா. நீங்க நேத்து வந்தவங்க. ஒரு சீசன் போகட்டும், அப்புறம் நானே சரி பண்ணிக் குடுத்துடலாம்னுதான்…"

"நான் கை நடுங்குதெண்டு வேலையை விட்டு மாறினனான். அதைப் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

"அவ்வளவு தூரம் போவீங்கன்னு நான் நினைக்கல."

அவர் பெண்டிகோ போய் வந்தார். கமிட்டிக்கு விமலா எழுதிய கடிதத்துக்கு, இது இருவருக்கிடையிலான விஷயம் என்று பதில் வந்தது. அவள் வேறு கிளப்பில் சேர்ந்தாள். அரைக்கும் இயந்திரத்தில் இப்போது வேறொரு பெண் நிற்கிறாள். இடம் காலியானால் சொல்வதாக மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். அதுவரை விமலா பெட்டி கட்டுகிறாள். அவள் கட்டும் பெட்டிகளில் கையெழுத்திட வரும் கௌரிசங்கர், நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்திட்டுவிட்டுப் போகிறார்.