சாயக் கண்ணாடி பார்க்கப் போனது

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து இரண்டாவது வருஷம். லெம்பா பெர்த்தாமிலிருந்து தானா ராத்தாவுக்கு எட்டுக் கட்டை, அதாவது எட்டு மைல் தூரம். காலை ஏழு மணிக்குக் காய்கறி லோரியில் ஏறினேன். வண்டிக்கூலி, ஒரு கட்டு மரவள்ளிக்கிழங்கு. வெளியூர் போக ஜப்பான்காரன் கொடுத்த பாஸ் பத்திரமாக இருக்கிறதா என்று மடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

தானா ராத்தா மேட்டில் ஒரு துரை கட்டிய மாதா கோயிலின் கிழக்குச் சுவர் முழுவதும் வண்ணக் கண்ணாடி. அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் என் வீட்டுக்காரர் சூசையும் ஒருவர். "ஒருநாள் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவரைச் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது குண்டு செய்ய ஈயம் வேண்டுமென்று, துண்டுகளை ஈயத்தால் இணைத்த அந்தக் கண்ணாடியைக் கழற்றப் போவதாகப் பேச்சு. அவர் திரும்பி வந்து "பாத்தியா?" என்று கேட்டால் என்ன சொல்வேன்? அதனால்தான் கிளம்பினேன்.

"எங்கக்கா போறீங்க?" என்றான் டிரைவர் முனியாண்டி.

"சாயக் கண்ணாடி பாக்க."

இன்ஜின் இரைச்சலில் அவனுக்கு வேறு மாதிரி விழுந்துவிட்டது. "சயாமுக்கா? நானே ஒளிஞ்சு திரியிறேன். நீங்க தேடிப் போறீங்களா? எறங்குங்கக்கா."

"சாயம்ப்பா. கலரு."

"அப்படிச் சொல்லுங்க லா."

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் ஒரு துணைக்கால் இடம் மாறினால் சாயம் சயாமாகிவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒன்பது மணிக்குக் கோயில். வெளியிலிருந்து கரும்பலகை மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரரைத் தெரிந்த காவல்காரர் அந்தோணி அண்ணன் கதவைத் திறந்தார். உள்ளே மூன்று ஆள் உயரத்துக்குச் சிவப்பு, நீலம், மஞ்சள். புனிதர் இல்லை, ஆட்டுக்குட்டி இல்லை, சிலுவைகூட இல்லை.

"படம் போடறதுக்குள்ள சண்ட வந்துருச்சாண்ணே?"

"எல்லாரும் இதத்தான் கேக்குறீங்க. வேல முடிஞ்சுதான் இருக்கு. புதுத் தினுசு. உருவம் வேணாம், வெளிச்சமே போதும்னுட்டாரு தொரை."

"அப்ப யார்கிட்ட வேண்டுறது?"

"மொதல்ல பாரு தங்கச்சி. வேண்டுறத வீட்லயும் வேண்டலாம்."

பனி விலகி வெயில் வந்தது. சிவப்பு இறங்கி என் பாதத்தில் விழுந்தது. காலை நகர்த்தவே பயமாக இருந்தது. உருவம் எதுவும் இல்லாததால், நான் பார்க்க நினைத்த முகத்தை ஒன்றும் மறைக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர் வச்சது எதுண்ணே?"

அவர் கீழே பலகை அடித்திருந்த இடத்தைக் காட்டினார். "அடி வரிசை. போன வாரந்தான் கழட்டிட்டுப் போனாங்க."

பலகையைத் தொட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் வந்து கேட்டால் முழுசாகப் பார்த்தேன் என்றுதான் சொல்வேன். "அது என்ன கலருண்ணே?" என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

"பச்ச."

திரும்பும் வழியெல்லாம் தேயிலை. கொழுந்து ஒரு பச்சை, முற்றல் ஒரு பச்சை, நிழலில் கிடப்பது வேறொரு பச்சை. எந்தப் பச்சை என்று கேட்காமல் வந்துவிட்டேனே என்று வீடு வரை மனசு அடித்துக்கொண்டது.