அத்தை கொடுக்காத பால்

உங்கள் அத்தை, என் அக்கா, பிள்ளை பெற்று வந்த வாரம் அவர் மாமியார் வீடெல்லாம் மல்லிகை மணத்தது. தலையில் வைக்க வாங்கிய பூ அல்ல. பால் வற்றுவதற்காக மார்பில் வைத்துக் கட்டுகிற பூ. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் வாங்கிக் கொடுத்தது நான்தான். குழந்தை தவறிப்போனால்தான் எங்கள் பக்கம் அப்படிக் கட்டுவார்கள். அதனால் எதிர்வீட்டுக்காரர்கள் துக்கம் விசாரிக்கவே வந்துவிட்டார்கள். குழந்தையோ உள்ளே பசியில் கத்திக்கொண்டிருந்தது.

அதற்கு முந்தைய வருடம் எங்கள் அம்மா இரத்தப் புற்றுநோயில் இறந்தார். அது ஒரு வைரஸால் வருகிற அரிய வகை என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் எங்கள் இருவர் இரத்தத்தையும் சோதித்தார்கள். ஒரே தாயின் பால் குடித்தும் எனக்கு இல்லை, அத்தைக்கு இருந்தது. அப்போது அவர் வயிற்றில் பிள்ளை. இது உடம்பில் இருக்கிற பெரும்பாலோருக்குக் கடைசிவரை ஒன்றும் ஆகாது, தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ ஒட்டாது, குழந்தைக்குப் போவது முக்கியமாகத் தாய்ப்பாலில்தான் என்றார் டாக்டர். மற்றத் தாய்மாருக்குத் தாய்ப்பாலைப் போல நல்லது வேறில்லை. இவருக்கு மட்டும் வேண்டாம் என்றார்.

அத்தையின் மாமியார் இதை அப்படியே தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். தட்டு, டம்ளரைத் தனியாக வைத்தார். பாலை மட்டும் கொடுக்கச் சொன்னார்.

"பச்சப் புள்ள கத்திக்கினு கெடக்குது. பூவக் கட்டிக்கினு குந்தியிருக்கியே, நீயெல்லாம் இன்னா தாயி?"

"நான் துன்ன தட்டு ஆவாது. என் ஒடம்புல ஊறுற பாலு மட்டும் ஆவுங்களா, அத்தே?"

அத்தை பூவை அவிழ்க்கவில்லை. மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் வந்தும், புட்டிப் பாலையே கொடுத்தார்.

இன்றைக்கும் அத்தை கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளி போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார். வைரஸ் உடம்பில்தான் இருக்கிறது. டாக்டர் சொன்னபடி அவ்வப்போது போய் இரத்தம் பார்த்துக்கொள்கிறார்.

மகள் ஓடியாடிப் பேசத் தொடங்கிய பிறகு அவளுக்கும் சோதித்தார்கள். முடிவு வரும்வரை அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. இல்லை என்று வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில், மடியில் தூங்கும் பிள்ளையைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்:

"அம்மாவுக்குத் தெரியாதுடா, குடுத்துடுச்சு. எனக்குச் சொல்ல ஆளு இருந்தாங்க. இந்தக் கிருமி எங்கிட்டயே கெடந்துட்டுப் போவட்டும்."