மூத்தாள் சொன்னால்தான் கேட்பார்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் நடத்துகிறவள் நான். பேய், ஆவி என்று பிள்ளைகள் வாயைத் திறந்தாலே பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

என் கணவருக்கு நான் இரண்டாம் தாரம். மூத்தாள் மாலதி, கல்யாணமான சில வருஷத்திலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்கள் கீழ்க்கட்டளை வீட்டு ஹாலில் அவள் படம் மாட்டியிருக்கிறது. இளையாளாக வந்தவள் புதுப்புடவை எடுத்தால் முதலில் மூத்தாள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் கட்ட வேண்டும் என்று வந்த அன்றே நாத்தனார் சொல்லிவிட்டார். செத்துப்போனவளோடு என்ன போட்டி என்று நானும் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். உள்ளுக்குள் எரியும், அது வேறு விஷயம்.

அவருக்கு இதயத் துடிப்பு தறிகெட்டு ஓடும் வியாதி. இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். துடிப்பு தப்பினால் உள்ளேயே ஷாக் கொடுத்து ஆளை மீட்கும். ஒரு தடவை அப்படி மீட்டும் இருக்கிறது. போன வருஷம் அதன் பேட்டரி தீரப்போகிறது என்று தினமும் காலையில் அவர் நெஞ்சுக்குள்ளிருந்து பீப் பீப் என்று சத்தம் வர ஆரம்பித்தது. "மாத்திக்கிட்டா நல்லது. ஆனா வயசாச்சு, சுகர் வேற இருக்கு, புண் ஆற லேட் ஆகும். நீங்களே யோசிச்சு முடிவு பண்ணுங்க" என்றார் டாக்டர்.

இவர் யோசிக்கவே இல்லை, வேண்டாம் என்றுவிட்டார். கெஞ்சினேன், சண்டை போட்டேன், சாப்பிடாமல் படுத்தேன். கடைசியில்தான் வாயைத் திறந்தார்.

"விஜி, அன்னைக்கு விழுந்தேன்ல, அப்ப மாலதி வந்தா. கையப் பிடிச்சுக்கிட்டா. இந்த மெஷின்தான் ஒரு உதை விட்டு என்னைத் திருப்பி அனுப்பிடுச்சு. இன்னொரு தடவை அது வேணாம்மா."

எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் மாத்திரை எடுத்துக் கொடுத்து, உப்பில்லாமல் சமைத்து, நானும் அதையே தின்றது எதற்கு? ஐயாவுக்கு அவளோடு போகணுமாம்.

மறுநாள் அவர் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பிப் போனதும் பீரோவைத் திறந்தேன். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு எடுத்த கடுகு நிறப் பட்டு, அவரிடம்கூட இன்னும் காட்டவில்லை. படத்துக்கு வைக்காமல், வேண்டுமென்றே கட்டிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். "உனக்குக் குடுக்க மாட்டேன்டி, அவர் எனக்கு வேணும்" என்று வாய்விட்டே சொன்னேன்.

பட்டப்பகல், கீழே தண்ணீர் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான். அப்போது அந்த பீப் சத்தம் கேட்டது. அவர்தான் திரும்பி வந்துவிட்டார் என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் யாருமில்லை. சத்தம் ஹாலிலிருந்து, அவள் படத்துக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. படத்தைக் கழற்றிப் பார்த்தேன், வெறும் சுவரும் ஆணியும்தான். புடவையை உருவி பீரோவுக்குள் திணித்து, நைட்டியை மாட்டிக்கொண்டு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் தலை சுற்றி விழப்போனாராம். தண்ணீர் குடித்துவிட்டு, "டாக்டருக்கு போன் பண்ணு, மாத்திக்கலாம்" என்றார்.

"என்ன திடீர்னு?"

"மாலதி வந்தா. 'இப்ப வராதீங்க, வீட்டுக்குப் போங்க. அவ கடுகு கலர் பட்டைக் கட்டிக்கிட்டு என்கிட்ட சண்டைக்கு நிக்கிறா'ன்னா."

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம்தான். நான் அத்தனை நாள் அழுததற்கு அசையாத மனுஷன், அவள் சொன்ன ஒரே வார்த்தைக்குக் கேட்டுவிட்டார் பாருங்கள்.

புதுக் கருவி வைத்தாகிவிட்டது, புண்ணும் ஆறிவிட்டது, நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டில் சாவி போடும்போது, தனியாக இருக்கிற மனுஷன் உள்ளே யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது கேட்கிறது. கதவைத் தள்ளுவதற்குள் குரலைத் தாழ்த்தி, "சரி, அவ வந்துட்டா" என்கிறார்.