கொலுசு குலுங்கிய வார்டு

தோழிகளே, திருச்சி ஆஸ்பத்திரியில் படுத்தபடியே பென்சிலால் எழுதுகிறேன். சிரித்துச் சிரித்து எழுத்தெல்லாம் கோணுகிறது.

இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே போய்விட்டன. அதனால் இந்த எட்டாம் மாதத்தில் நான் கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டுமாம். அதற்காகப் பாதத்தை மெல்லச் சுழற்ற நர்ஸ் சொல்லிக்கொடுத்தார்.

இன்று மாலை ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த மாமியார் அதைப் பார்த்துவிட்டார்.

"யாருடி காலை ஆட்டச் சொன்னா? அசையாம கிட!"

போன இரண்டு தடவையும் ஏழாம் மாதம்வரை என்னைக் கிணற்றில் நீர் இறைக்க வைத்தவர் இவர்தான்!

பக்கத்துக் கட்டில் பாத்திமா அக்கா, "அப்ப என்னையும் திட்டுங்கம்மா" என்று போர்வைக்குள் பாதத்தைச் சுழற்றினார். கொலுசு குலுங்கியது. எதிர்க் கட்டிலிலும் குலுங்கியது. பிறகு வார்டு முழுவதும்!

மாமியார் மிரண்டார். "இத்தனை பேருமா?"

"ஆமாங்க. இருபது சுத்து. நீங்களே எண்ணுங்க" என்றார் நர்ஸ்.

எண்ணினார்! பதினெட்டில் நான் நிறுத்தியதும், "என் பேரனுக்காக இன்னும் ரெண்டு சுத்துடி" என்று அதட்டினார்.

பேத்தி என்றால் எத்தனையோடு விட்டிருப்பார்? உங்கள் கணக்கை எழுதுங்கள்.