கம்பளையில் நான் விற்றுக்கொடுத்த ஒட்சிசன்

என் பழைய டீசல் வேன் இன்று காலை புகைப் பரிசோதனையில் தோற்றது. அனுமதிப்பத்திரம் இன்றோடு முடிகிறது. பின்னேரத்துக்குள் தேறாவிட்டால் நாளை வண்டியை வீதியில் இறக்க முடியாது.

கம்பளையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் நஸீரிடம் போனேன். என்னோடு படித்தவன். வேறு வழியில்லை. ஒரு சிறு போத்தலை நீட்டினான்.

"இத டேங்க்ல ஊத்து மச்சான். ஒட்சிசன் இருக்கு. என்ஜின் நல்லா மூச்சு விடும்."

எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ஜினுக்கு என்னடா மூச்சு? டீசல் எரியிற நேரம் காத்து போய்ச் சேராத இடத்துலதான் கரி உண்டாகுது. இதுல உள்ள ஒட்சிசன் டீசலோடயே போயி அங்கயும் எரிய வைக்குது. அதான் புகை குறையுது. ஆனா சக்தியும் கொஞ்சம் குறையும். ஹுன்னஸ்கிரிய மலை ஏத்தத்துல வேன் முனகும்."

கடையில் நின்ற மூவரும் "புகை குறையுது" வரைதான் கேட்டார்கள்.

"முதலாளி, எனக்கும் ஒன்னு தாங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டு நானும் ஒன்று வாங்கினேன். பின்னேரம் மறுபரிசோதனையில் வேன் தேறிவிட்டது.

திரும்பி வரும்போது கடை வாசலில் புதிய அட்டை தொங்கியது: "காற்று எட்டாத இடத்திலும் எரிய வைக்கும்!" சக்தி குறைவதைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை.

உயர்தர இரசாயனவியல் பரீட்சையில் என் பின்னால் இருந்து என் விடைகளில் பாதியைப் பார்த்து எழுதி, என்னைவிட நல்ல பெறுபேறு எடுத்தவன் இந்த நஸீர்தான்.

உங்கள் பின் கதிரையில் இருந்தவர் இப்போது என்ன விற்கிறார்?