பத்தாவது இடம்

யாரையும் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவீர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், ஆயிரம் பேர் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நடமாடும் ஒரு பெரிய வெளிநாட்டு ஊரில்.

அலுவலக வேலையாக மூன்று நாள் போயிருந்தேன். கடைசி நாள் மதியத்துக்குமேல் ஓய்வு. அதே ஊரில்தான் என் அக்கா தனியாக இருந்தாள். "ஒரு எட்டு பாத்துட்டு வாடா" என்று அம்மா முகவரியை எழுதிச் சட்டைப்பையில் திணித்திருந்தாள். நான் அந்தத் தாளைப் பிரிக்கக்கூட இல்லை. எங்களுக்குள் ஏழு வருஷமாகப் பேச்சில்லை. அப்பா இறந்தபோது, "காலையில வந்துடுவேன், கொஞ்சம் இருடா" என்று போனில் கெஞ்சினாள். நான் காத்திருக்கவில்லை. சாயங்காலமே எடுத்துவிட்டோம். அவள் வந்து சேர்ந்தபோது கழுவிவிட்ட கூடம்தான் மிச்சமிருந்தது. அதற்கப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் வாசலில் போய் நிற்பது?

1.50க்கு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"போனேம்மா. வீடு பூட்டியிருக்கு."

"பக்கத்துல கேட்டியா?"

"கேட்டேன். தெரியலையாம்."

வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினேன்.

ஆற்றங்கரையில் ஒரு சுற்றுலா அலுவலகம். காதில் ஊர்க் கதை சொல்லும் கருவியை வாடகைக்குக் கொடுத்தார்கள். வரைபடத்தில் ஒன்பது இடங்கள். மொழிப் பொத்தானைத் தட்டிக்கொண்டே போனால்... தமிழ்! பெண் குரல். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஊர் அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். கல் பாலம், மணிக்கூண்டு, பச்சை பிடித்த செம்புக் கூரைகள். ஆனால் எங்கே திரும்பினாலும் குதிரைமேல் ஒரு ராஜா, அவன் காலடியில் செத்தவர்களின் பட்டியல். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவனுக்குக்கூட அன்றைக்குப் புதுப் பூ வைத்திருந்தார்கள். எனக்கு ஏனோ எரிச்சலாக வந்தது.

ஆறாவது இடம். "இடப்புறம் காண்பது பழைய தானியக் கிடங்கு" என்று செய்தி வாசிப்பதுபோலச் சொல்லிக்கொண்டிருந்த குரல் சட்டென்று இறங்கியது.

"பாத்து வா. கல்லு வழுக்கும்."

பேசிப் பதிவு செய்தவருக்குக் குறும்பு போல என்று சிரித்துக்கொண்டேன்.

5.20. ஒன்பதாவது இடமும் முடிந்தது. கருவியைக் கழற்றப்போனேன்.

"பத்தாவது இடம். வலது பக்கம் திரும்பு."

வரைபடத்தைப் பார்த்தேன். ஒன்பதுதான். இருந்தாலும் திரும்பினேன். கூட்டம் குறைந்தது. துணி காயும் சந்து. குப்பைத் தொட்டிகள். பிறகு ஆளே இல்லை. மணிக்கூண்டுச் சத்தம்கூட எட்டவில்லை.

"இன்னும் கொஞ்சம்தான். மூணு படி ஏறு."

ஏறினேன். பச்சைக் கதவு. எண் 31. மணி 5.42.

காதில் மூச்சு மட்டும் கேட்டது. இரைக்கும் மூச்சு...

"வந்துட்டியா, மொட்டை?"

என்னை அப்படிக் கூப்பிட்டவள் உலகத்தில் ஒருத்திதான்.

டொக்... டொக்... டொக்...

கருவியைப் பிடுங்கி எடுத்தேன். சத்தம் நிற்கவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. கீழே... தரையோடு தரையாக...

கையில் தொங்கிய கருவியில் மெலிதாக அந்தக் குரல்.

"கொஞ்சம் இருடா..."

ஓடினேன்.

6.05க்குக் கருவியைத் திருப்பிக் கொடுத்தேன். ஓடி வந்த என்னைப் பார்த்து அலுவலகப் பெண் தண்ணீர் கொடுத்தாள். தமிழ்க் குரல் பற்றிக் கேட்டேன். பொத்தானைத் தட்டித் தட்டிக் காட்டினாள். ஏழு மொழிகள். தமிழ் இல்லை.

"அந்த மொழி இதுல எப்பவுமே இருந்ததில்லயே" என்றாள்.

உயிரோடு இருப்பவள் எப்படிக் கருவிக்குள் பேசுவாள்? அக்கா எப்போதோ செத்துப் பேயாகிவிட்டாள் என்றே நினைத்தேன். சட்டைப்பையில் தாள் இருந்தது. பிரித்துப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. அன்று ராத்திரியே விமானம் ஏறிவிட்டேன்.

நாலாம் நாள் அந்த ஊர் போலீசிடமிருந்து போன் வந்தது. வீட்டு எண் 31. நான் ஊர் சுற்றிய அதே நாள் காலையில் வெளியே கிளம்பும்போது அக்கா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. எழ முடியவில்லை. கதவுவரை தவழ்ந்து வந்து, கையில் செருப்போடு கிடந்தாளாம். உயிர் போனது அன்று இரவு எட்டு மணிக்குமேல் என்று மருத்துவர் எழுதியிருந்தார்.

5.42க்கு அவள் பேய் இல்லை.

துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அம்மா இன்றும் சொல்கிறாள். "இவன் தேடித்தான் போனான், பாவம். வீடு பூட்டியிருந்துச்சாம்."

போலீஸ் அறிக்கையின் ஒரு வரியை மட்டும் நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. வெறுமனே சாத்தித்தான் இருந்தது.